பாட்டாவின் சுண்ணாம்பும் அப்பாவின் காகிதமும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் அப்பா அச்சகம் வைத்திருக்கிறார். கட்டிங் மெஷினில் காகிதக் கட்டை அடுக்கி, நான்கு பக்கமும் தட்டிச் சமன்செய்து கத்தியை இறக்கினால் 'சரக்' என்று ஒரு சத்தம் வரும். ஓரத்தில் விரல் அகலத்துக்கு நீளநீளமாகத் துண்டுகள் உதிரும். ஈஸ்டர் முடிந்ததும் சர்ச் கல்யாணங்கள் தொடங்கிவிடும், ஆவணியில் கோயில் கல்யாணங்கள். அந்த மாதங்களில் அழைப்பிதழ் வேலை இரவு பத்து மணி தாண்டியும் நடக்கும். உதிர்ந்த துண்டுகளைச் சாக்கில் போட்டு, உள்ளே இறங்கி நின்று மிதித்து அடைப்பது சின்ன வயதில் என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து யூனிபார்மோடு சாக்குக்குள் நிற்பேன்.

"வெள்ளைத் துண்டத் தனியாப் போடு மக்களே, கலந்துட்டா ஆக்கர் கடைக்காரரு வெலையக் கொறச்சிருவாரு" என்பார் அப்பா. ஆக்கர் கடை என்றால் பழைய பொருள் வாங்கும் கடை.

அப்படித்தான் காகிதத்தைத் தொட்டே இன்னது என்று சொல்லப் பழகினேன். மேப்லித்தோ என்ற சாதாரண வெள்ளை அச்சுக் காகிதம் விரலில் லேசாகச் சொரசொரக்கும். ஆர்ட் பேப்பர் வழுவழுவென்று, கையில் கனமாக, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். நியூஸ் பிரிண்ட் பழுப்பு. இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் மஞ்சளாகிவிடும். அப்பா கண்ணை மூடிக்கொண்டே இது எழுபது ஜி.எஸ்.எம்., இது நூற்றுமுப்பது என்று, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் சொல்வார். எனக்கு அந்த அளவுக்கு வராது. ஆனால் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படிக்கும்போது ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது. கழிவுக் காகிதத்தை நுண்ணுயிர்களை வைத்து நொதிக்கவிட்டு, பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனால் எடுப்பது என்று எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அந்தத் தலைப்பு இன்னும் என்னை விடவில்லை.

காகிதத்திலிருந்து எரிபொருளா என்று கேட்பவர்களுக்கு நான் மரச்சீனிக்கிழங்கைத்தான் எடுத்துச் சொல்வேன். நம் ஊரில் மரச்சீனியும் மீனும் சாப்பிடாத வீடு கிடையாது. அந்தக் கிழங்கின் மாவு முழுக்கக் குளுக்கோஸ் சர்க்கரை, கோவை கோவையாகச் சேர்ந்து நிற்பது. காகிதத்தில் இருக்கும் செல்லுலோஸும் அதே குளுக்கோஸின் கோவைதான். வேற்றுமை கோர்ப்பில் இருக்கிறது. மாவில் எல்லாக் குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும், அதனால் கோவை சுருண்டு தளர்ந்து கிடக்கும். வாயில் போட்டதும் எச்சில் அதை உடைக்கத் தொடங்கிவிடும். செல்லுலோஸில் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறிமாறித் திரும்பி நிற்கும். கோவை நேராக நீண்டு, பக்கத்துக் கோவையோடு ஒட்டி, கயிறு திரித்தது போல இறுகிவிடும். அந்த ஒரு திருப்பம்தான் மரச்சீனியைச் சோறாகவும் மரத்தை மரமாகவும் வைத்திருக்கிறது. நம் வயிற்றுக்கு அந்த இணைப்பை அவிழ்க்கத் தெரியாது. மாட்டின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தெரியும். சந்தைக்குப் பக்கத்தில் ஆடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். பசையின் ருசிக்காக அது தின்றாலும், கூடப் போன காகிதம் அதன் வயிற்றில் வீணாவதில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1819-இல் பிரான்ஸில் ஆன்ரி பிராகோனோ என்பவர் கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டிவிட்டார். அந்தக் காலத்துக் காகிதமே கந்தல் துணியில் செய்ததுதான். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1815-இல், கே-லுசாக் குளுக்கோஸ் எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும் கணக்கைத் தந்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் துணியிலிருந்து சாராயம் வரை வழி அப்போதே தெரிந்துவிட்டது. அமில வழியில் ஒரு தொல்லை உண்டு. அமிலம் கோவையை உடைப்பதோடு நிற்காது, உடைத்தெடுத்த சர்க்கரையையும் கருக்கி, சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்டுக்கு விஷமாகிற பொருள்களை உண்டாக்கிவிடும். அதனால்தான் இன்றைக்கு அந்த வேலையை நொதிகளிடம், அதாவது நுண்ணுயிர்கள் சுரக்கும் புரதங்களிடம், விடுகிறார்கள்.

சரி, என் குடுவைக்கு வருகிறேன்.

மூன்று குடுவை எடுத்தேன். அப்பாவின் சாக்கிலிருந்து கொண்டுபோன மேப்லித்தோ ஒன்றில், ஆர்ட் பேப்பர் இன்னொன்றில், பழைய செய்தித்தாள் மூன்றாவதில். ஒவ்வொன்றிலும் ஐந்து கிராம் காகிதம், மிக்சியில் அடித்துக் கூழாக்கியது. 100 மில்லி சிட்ரேட் கரைசல், பி.எச். என்ற புளிப்பளவு 4.8 என்று அளந்து வைத்தது, ஏனென்றால் செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் நொதி லேசான புளிப்பில்தான் ஒழுங்காக வேலை செய்யும். நொதியை ஊற்றி, 50 டிகிரி சூட்டில் ஆட்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். செல்லுலோஸ் அதிகமாக இருக்கும் வெள்ளைக் காகிதம்தான் முந்தும் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துச் சர்க்கரை சோதித்தேன். டி.என்.எஸ். என்று ஒரு மஞ்சள் கரைசல் உண்டு. சர்க்கரை இருந்தால் கொதிக்க வைக்கும்போது செங்காவி நிறத்துக்கு மாறும். செய்தித்தாள் குடுவையில் கொஞ்சம் சிவந்தது. மேப்லித்தோவும் ஆர்ட் பேப்பரும் மஞ்சளாகவே நின்றன. கூழும் போட்டபடியே கிடந்தது.

மறுபடியும் செய்தேன், மறுபடியும் அதேதான். நொதிதான் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அது விலை கூடிய பொருள், இன்னொரு பாட்டில் கேட்க வாய் வரவில்லை. அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன்.

அம்மாவின் அப்பாவை நாங்கள் பாட்டா என்று கூப்பிடுவோம். கருங்கல் பக்கம் அவர் ஊர். நாற்பது வருடத்துக்கு மேல் பனை ஏறியவர். முருக்குத்தடியைச் சாய்த்து, பாளை அருவாளை இடுப்பில் செருகி, விடிவதற்கு முன்பே மரத்தில் இருப்பார். அவர் இறக்கும் அக்கானியை, அதாவது பதநீரை, பாட்டி பெரிய பானையில் ஊற்றிக் காய்ச்சுவாள். பாகு பதம் வரும் முன்பு, கருப்பட்டிக்குச் சிரட்டையில் ஊற்றுவதற்குச் சற்று முன்பு, கூப்பனியாக இருக்கும்போது எங்களுக்கு ஒரு கரண்டி கிடைக்கும். அதற்காகவே அடுப்படியில் கண் எரியக் காத்திருப்போம்.

அன்றைக்குத் திண்ணையில் பாட்டா கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். இதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நீற்றிய சுண்ணாம்பை இரண்டு விரலால் எடுத்து, கலயத்தின் உட்புறத்தில் சுற்றி இழுத்து, அடியில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ப்பார். அளவு கையிலேயே இருக்கிறது. கூடிவிட்டால் அக்கானி நாக்கைப் பொத்துவிடும், கருப்பட்டியும் நன்றாக வராது. குறைந்துவிட்டால் மரத்திலேயே பொங்கத் தொடங்கி, காலையில் இறக்கும்போது கள்ளாக இருக்கும். 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை, அதனால் சுண்ணாம்பு குறைவது அவருக்கு வெறும் ருசி விஷயமும் இல்லை.

நான் என் கதையைச் சொன்னேன். கூழ் போட்டேன், மருந்து ஊற்றினேன், எதுவும் நடக்கவில்லை என்று. அவருக்கு நொதி, செல்லுலோஸ் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கலயத்துல சுண்ணாம்பு கெடந்தா பொங்காது மக்கா. நீ வச்ச பாத்திரத்தப் பாரு" என்றார்.

பாத்திரத்தில் ஒன்றும் இருக்காது, கழுவி, அவித்து எடுத்தது என்றுதான் முதலில் பதில் சொன்னேன். ராத்திரி படுத்த பிறகு தூக்கிவாரிப் போட்டது. சுண்ணாம்பு பாத்திரத்தில் இல்லை, காகிதத்துக்குள் இருக்கிறது.

வெள்ளைக் காகிதம் வெறும் நாரால் ஆனது இல்லை. நார்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பவும், வெண்மை கூட்டவும், பின்பக்க எழுத்துத் தெரியாமல் மறைக்கவும் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். அது சுண்ணாம்புக்கல் பொடி, கரும்பலகைச் சுண்ணக்கட்டியின் பழைய உறவு. முற்காலத்தில் படிகாரம் சேர்த்து அமிலத் தன்மையோடு காகிதம் செய்தார்கள். அந்தக் காகிதத்தில் அச்சான பழைய புத்தகங்கள்தான் இன்று விரல் பட்டால் அப்பளம் போல ஒடிகின்றன. பிறகு ஆலைகள் காரத் தன்மைக்கு மாறின, அதோடு கால்சியம் கார்பனேட்டும் உள்ளே வந்தது. காகிதத்தின் ஆயுள் கூடியது. ஆனால் அதைச் சர்க்கரையாக்க நினைக்கும் நுண்ணுயிருக்கு அது பாட்டா தடவிய சுண்ணாம்பேதான்.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போய் முதல் வேலையாகப் பழைய குடுவையில் பி.எச். அளந்தேன். 4.8-இல் வைத்தது 6.9-இல் நின்றது. காகிதத்திலிருந்து கரைந்த கார்பனேட் என் சிட்ரேட் புளிப்பு முழுவதையும் தின்றுவிட்டிருக்கிறது. நொதி கெடவே இல்லை, அதற்கு வேலை செய்ய இடம் கிடைக்கவில்லை. ஒரு துண்டு மேப்லித்தோவைக் கண்ணாடித் தட்டில் வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். துண்டின் மேல் ஊசிமுனை அளவில் குமிழிகள் வரிசையாக எழுந்தன. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் 'ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல். ஆர்ட் பேப்பரில் விட்டபோது நுரையே தள்ளியது. இதை இன்றும் ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்குச் செய்துகாட்டுகிறேன். வீட்டில் செய்து பார்க்க வினிகர் போதும்.

அப்புறம் எரித்தும் பார்த்தேன். சூளையில் 525 டிகிரியில் வைத்தால் நாரெல்லாம் போய்ச் சாம்பல் மட்டும் மிஞ்சும். மேப்லித்தோவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது. ஆர்ட் பேப்பரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்தச் சாம்பல் உதிராமல் பக்கத்தின் வடிவத்திலேயே வெள்ளையாக நின்றதைப் பார்த்தபோதுதான், கையில் இவ்வளவு நாள் கனத்ததும் குளிர்ந்ததும் காகிதம் இல்லை, கல் என்று புரிந்தது.

தீர்வு எளிது. கூழை முதலில் நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, குமிழி நின்ற பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். பெரிய அளவில் செய்தால் இதற்கும் செலவு உண்டு. மலிவான கந்தக அமிலம் போட்டால் கார்பனேட் ஜிப்சமாக மாறி அடியில் தங்கும், அதை அள்ளி எடுக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் போட்டால் கரைந்து போகும், ஆனால் கழுவிய தண்ணீரில் உப்பு ஏறும். என் குடுவை அளவுக்கு அது பிரச்சினையாக இல்லை. கழுவிய மேப்லித்தோவில் அதே பழைய பாட்டில் நொதியை ஊற்றினேன். மறுநாள் காலை பெட்டியைத் திறந்து குடுவையை ஆட்டிப் பார்த்தபோது, முந்தின நாள் பழங்கஞ்சி போலத் திரண்டு நின்ற கூழ் தண்ணீராகச் சளசளத்தது. நார் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அந்தச் சளசளப்பு கேட்ட நிமிஷத்தின் சந்தோஷம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்த நொதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலில் சாலமன் தீவுகள் பக்கம் அமெரிக்கப் படை இறங்கியிருந்தது. அந்த ஈரத்தில் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் வேகமாக மக்கி நைந்துபோயின. எது தின்கிறது என்று தேடியவர்கள் ஒரு பச்சைப் பூஞ்சையைப் பிடித்தார்கள். எல்வின் ரீஸும் மேரி மாண்டல்ஸும் பல வருடம் அதைப் படித்தார்கள். துணியைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை, 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு துணியையும் காகிதத்தையும் எரிபொருளாக்கும் வேலையாக மாறியது. 1977-இல் அந்தப் பூஞ்சைக்கு ரீஸின் பெயரையே வைத்து டிரைக்கோடெர்மா ரீசி என்றார்கள். உலகத்தில் இன்று விற்கும் செல்லுலேஸில் பெரும்பகுதி அந்தக் கூடாரப் பூஞ்சையின் வாரிசுகள் சுரப்பது.

டிரைக்கோடெர்மா என்ற பெயர் நம் மாவட்டத்து விவசாயிகளுக்குப் புதிதில்லை. நல்லமிளகுக் கொடிக்கும் வாழைக்கும் வேரழுகல் வந்தால் சாணத்தோடு கலந்து தூரில் போடும் டிரைக்கோடெர்மா விரிடி பொட்டலம் இதன் பங்காளிதான். தூரில் போட்டால் அது கெட்ட பூஞ்சையைத் தின்னும். நாங்கள் கேட்பது அந்தக் குடும்பம் சுரக்கும் நொதியை மட்டும். அந்த நொதியும் ஒன்று கிடையாது, மூன்று வகை கூட்டாக வேலை செய்கின்றன. ஒன்று கோவையின் நடுவில் வெட்டும். இன்னொன்று வெட்டிய நுனியைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு குளுக்கோஸாக உரித்துக்கொண்டே போகும். மூன்றாவது அந்த இரட்டையை ஒற்றையாக்கும். மூன்றாவது தாமதித்தால் இரட்டைகள் சேர்ந்து முதல் இரண்டின் கையைக் கட்டிவிடும். சர்க்கரை சேரச் சேரவும் வேலை மந்தமாகும். ஆகவே நொதியையும் ஈஸ்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, சர்க்கரை உண்டாகிற போதே ஈஸ்ட் அதைத் தின்றுவிடும்படி செய்கிறார்கள். அதில் ஒரு சமரசம் இருக்கிறது. நொதி கேட்பது 50 டிகிரி, ஈஸ்ட் கேட்பது 30 சொச்சம். நடுவில் 37, 38 என்று வைத்து இரண்டையும் கொஞ்சம் வருத்தித்தான் ஓட்ட வேண்டும்.

செய்தித்தாள் கதை தனி. அதில் சுண்ணாம்பு குறைவு, அதனால்தான் முதல் தடவை அது மட்டும் கொஞ்சம் சிவந்தது. ஆனால் அது மரத்தை அரைத்துச் செய்த கூழ். மரத்தில் நாரோடு நாரை ஒட்டி இறுக்கும் லிக்னின் என்ற பொருள் பெரும்பாலும் அப்படியே உள்ளே நிற்கிறது. வெயிலில் மஞ்சளாவது அந்த லிக்னின்தான். நொதி போய் லிக்னினில் ஒட்டிக்கொண்டு வேலைக்கு ஆகாமல் போய்விடும். டுவீன் 80 என்ற சோப்பு மாதிரியான திரவத்தைச் சில சொட்டு விட்டால் அது லிக்னின் மேல் படிந்து நொதிக்கு வழிவிடும். விட்டுப் பார்த்தேன், கூடியது. ஆனால் கழுவிய மேப்லித்தோவை அது எட்டிப் பிடிக்கவே இல்லை.

ஈஸ்ட் போட்ட பிறகு வேறு ஒரு நிறம். ஆரஞ்சு நிற டைக்ரோமேட் கரைசலில் எத்தனால் பட்டால் பச்சையாகும். முன்பு போலீஸ்காரர்கள் ஊதச் சொன்ன கருவியிலும் இந்த வேதிவினைதான் இருந்தது. நாங்கள் மாதிரியைத் துளித்துளியாக எடுத்து அப்படித்தான் அளந்தோம். யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டில் காய்ச்சிப் பார்க்கக் கிளம்ப வேண்டாம். உரிமம் இல்லாமல் வடிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதோடு எரியும் ஆவி வீட்டு அடுப்போடு விளையாடும் பொருள் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சுத்தமான செல்லுலோஸ் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு உடையும்போது 1.11 கிலோ குளுக்கோஸ் ஆகும். குளுக்கோஸில் 51 சதவீதம்தான் எத்தனால், மீதி கரியமில வாயுவாகப் பறந்துவிடும். அப்படியானால் அதிகபட்சம் 0.57 கிலோ, அதாவது ஏறக்குறைய 720 மில்லி. ஒரு கிலோ வெள்ளைக் காகிதத்தில் சுண்ணாம்பும் ஈரமும் மற்றதும் போகச் செல்லுலோஸ் 650 கிராம் என்று வைத்தால் 470 மில்லி வர வேண்டும். என் கையில் செல்லுலோஸில் 60 சதவீதம்தான் சர்க்கரையானது, ஈஸ்ட் அதில் 90 சதவீதத்தை மாற்றியது என்று கொண்டால் கிலோவுக்குக் கால் லிட்டர். ஒரு சாக்கில் பத்துக் கிலோ துண்டு என்றால் இரண்டரை லிட்டர். எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கைக் காட்டினால் அப்பா முதலில் கேட்பது, "அப்ப ஆக்கர் கடையில போட்டா என்ன கெடைக்கும், இதுல என்ன கெடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. இதில் நொதியின் விலை இருக்கிறது. அதைவிடப் பெரிய செலவு தண்ணீரிலிருந்து எத்தனாலைப் பிரிப்பது. காகிதம் தண்ணீரைக் குடிக்கும். லிட்டருக்கு 100 கிராம் போட்டாலே களியாகி, கரண்டி நட்டால் நிற்கும். 50 கிராம் போட்டால் கலக்க முடியும், ஆனால் கடைசியில் கிடைக்கும் திரவத்தில் எத்தனால் இரண்டு சதவீதத்தைக்கூடத் தொடாது. நல்ல கள்ளில் அதைவிட இருமடங்குக்கு மேல் இருக்கும். நான்கு சதவீதமாவது இல்லாவிட்டால் வடிக்கிற சூட்டுக்கே கட்டாது என்பது இந்தத் துறையில் உள்ளவர்களின் கணக்கு. அதனால் காகிதத்தை ஒரேயடியாகப் போடாமல், முதலில் போட்டது தண்ணீரான பிறகு இன்னொரு பிடி, அதுவும் கரைந்த பிறகு இன்னொரு பிடி என்று ஊட்டிக்கொண்டே போவார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். வடித்த பிறகும் 95 சதவீதத்தோடு நின்றுவிடும், மிச்சத் தண்ணீர் சாதாரணக் காய்ச்சலில் போகாது. பெட்ரோலில் கலக்க அதையும் ஒரு வகைக் கனிமச் சல்லடையில் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

ஈஸ்டுக்கும் ஒரு குறை உண்டு. காகிதத்தில் செல்லுலோஸோடு வரும் சைலோஸ் என்ற சர்க்கரையை அது தொடாது. 1990-களில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ என்ற விஞ்ஞானி சைலோஸையும் தின்னும்படி ஈஸ்டின் மரபணுவை மாற்றிக் காட்டினார். ஈஸ்டை விட்டால் எனக்கு மிகவும் பிடித்தது சைமோமோனாஸ் என்ற பாக்டீரியா. பனங்கள்ளில் வாழ்வது அது. தான் பெருகுவதற்குச் சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்ளாமல் எத்தனாலாகவே தள்ளிவிடும், வேகமும் கூடுதல். எங்கள் பாட்டா நாற்பது வருடமாகச் சுண்ணாம்பு தடவித் துரத்திக்கொண்டிருந்த கூட்டத்தில் இதுவும் ஒன்று என்பதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

இத்தனைக்கும் பிறகு என் கருத்து, நல்ல வெள்ளைத் துண்டை எத்தனாலாக்கக் கூடாது. இதைச் சொன்னால் கருத்தரங்குகளில் சிலர் முகம் சுளிக்கிறார்கள், நீங்களே இந்த ஆய்வைச் செய்துவிட்டு இப்படிச் சொல்லலாமா என்று. அப்பாவின் சாக்கில் உள்ள துண்டு மறுபடி காகிதமாகும். ஒரு நார் ஐந்து, ஆறு தடவை காகிதமாகத் திரும்பி வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குட்டையாகும். நம் நாட்டு ஆலைகள் பழைய காகிதத்தை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வாங்குகின்றன. அப்படியிருக்க, திரும்பக் காகிதமாகக்கூடிய ஒன்றைச் சர்க்கரையாக உடைத்து வாயுவாகப் பாதியை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நுண்ணுயிருக்குக் கொடுக்க வேண்டியது யாரும் வாங்காத காகிதம். நார் தேய்ந்துபோன காகித ஆலைக் கசடு. எண்ணெயும் சாம்பாரும் ஊறிய காகிதம். ஆக்கர் கடைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளுவது.

அப்படி ஒன்று நம் மாவட்டத்தில் வாராவாரம் மலைபோல வருகிறது. கல்யாண மண்டபத்தில் இலைக்கு அடியில் விரிக்கும் பேப்பர் ரோல்.

ஒரு பந்தி முடிந்ததும் என்ன நடக்கிறது என்று நின்று பாருங்கள். பருப்பு, நெய், சாம்பார், புளிசேரி, ரசம், பப்படத்தை நொறுக்கிப் பிசைந்த பாயசம் எல்லாம் இலை ஓரத்தில் வழிந்து அந்தக் காகிதத்தில் ஊறியிருக்கும். இரண்டு பையன்கள் மேஜையின் ஒரு முனையில் தொடங்கி இலை, சோறு, டம்ளர் எல்லாவற்றோடும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே போவார்கள். அடுத்த ரோல் விரியும். நான்கு பந்தி, ஐந்து பந்தி. ராத்திரி அந்தச் சுருட்டல்கள் அனைத்தும் குப்பை வண்டியில் ஏறும். மறுசுழற்சிக்கு அது ஆகாது, உணவுக் கறை பட்ட நாரை எந்த ஆலையும் எடுக்காது. குப்பைமேட்டில் மக்கி மீத்தேனாகும், இல்லாவிட்டால் யாராவது தீ வைப்பார்கள்.

நுண்ணுயிருக்கு அந்தக் கறை ஒரு குறையே இல்லை. சோறும் பாயசமும் அதற்குக் கூடுதல் சாப்பாடு. ரோல் காகிதம் மலிவானது, மேல்பூச்சு இல்லாதது, ஆர்ட் பேப்பர் மாதிரி கல்லைச் சுமக்காதது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சில ரோல்களில் ஒரு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். கிழித்துப் பார்த்தால் ஜவ்வு போல இழுபடும். அது ஆகாது. பேப்பர் கப்பும் இதனாலேயே ஆகாது.

பெரிய அளவில் இப்படிப்பட்ட வேலை நம் நாட்டில் நடக்கிறது. ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அங்கே காகிதத்துக்குப் பதில் வைக்கோல்; வயலில் எரித்து டெல்லியைப் புகையில் மூழ்கடிக்கும் அதே நெல் வைக்கோல். வருடத்துக்கு 2 லட்சம் டன் எடுத்து 3 கோடி லிட்டர் எத்தனால் தருவது என்று திட்டம். டன்னுக்கு 150 லிட்டர் வருகிறது. வைக்கோலில் லிக்னினும் மணலில் உள்ள அதே சிலிக்காவும் இருக்கிறது, அதைத் திறக்கவே சூடும் அழுத்தமும் கொடுக்க வேண்டும். காகிதத்தில் அந்தக் கடினமான பாதி வேலையைக் காகித ஆலையே முன்கூட்டிச் செய்து தந்துவிடுகிறது. இதுதான் காகிதத்தின் மேல் எனக்குள்ள நம்பிக்கை. இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது. சோற்றிலிருந்து வண்டி ஓடுவதைவிட, சோறு சிந்திய காகிதத்திலிருந்து ஓடுவது எவ்வளவோ மேல்.

ஒரு மண்டபத்துக்கு ஒரு எத்தனால் ஆலை என்பது நடக்காத காரியம். தனி மண்டபத்துக்குச் சாண எரிவாயுத் தொட்டி மாதிரி ஒன்றே போதும், மிச்சச் சோறும் காகிதமும் அதில் போய் அடுத்த பந்திக்குச் சமைக்கலாம். எத்தனால் வேண்டுமென்றால் களியக்காவிளை தொடங்கி ஆரல்வாய்மொழி வரை உள்ள மண்டபங்களின் ரோல்களைச் சேர்க்க வேண்டும், உரிமம் பெற்ற ஓர் இடத்தில் வடிக்க வேண்டும், வடித்த பிறகு நிற்கும் கசடை எரிவாயுவாக்க வேண்டும். இதில் நுண்ணுயிரின் வேலை முக்கால்வாசி தெரிந்ததுதான். தெரியாதது, இலையையும் காகிதத்தையும் யார் பிரிப்பது என்பது. அதற்காகத்தான் இப்போது பாத்திரத்தை விட்டுவிட்டு மண்டபங்களுக்கு அலைகிறேன்.

போன மாதம் கருங்கலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கடைசிப் பந்தி முடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பையன்களோடு நானும் நின்றேன். முதலில் இலையை மடித்து எடுத்து ஒரு கூடையில் போட்டோம், பிறகு காகிதத்தை மட்டும் சுருட்டினோம். ஒரு மேஜைக்கு ஒன்றரை நிமிஷம்தான் கூடுதலாக ஆனது. அத்தை வந்து, "விருந்துக்கு வந்தவ எச்சில் பேப்பர் சுருட்டுதா பாரு" என்று சத்தம் போட்டாள். பாட்டா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் மரம் ஏறுவதில்லை. "அது பொங்கும் மக்கா, பாயசம் பட்ட பேப்பராக்கும்" என்றார்.

அவர் சொன்னபடியே ஆனது. ஆய்வகத்தில் மாவை உடைக்கும் நொதியும் செல்லுலேஸும் சேர்த்து ஊற்றி ஈஸ்ட் போட்ட குடுவையில் நான்காவது மணி நேரத்திலேயே குமிழி எழுந்தது. வெறும் காகிதத்தில் அவ்வளவு சீக்கிரம் நான் பார்த்ததில்லை. எண்ணெய் மேலே வட்டவட்டமாக மிதந்தது, ஈஸ்ட் அதைக் கண்டுகொள்ளவில்லை. உப்பு தொல்லை கொடுக்குமோ என்று பயந்தேன், அதுவும் இல்லை. இரண்டாம் நாளில் கறிவேப்பிலை மட்டும் கரையாமல் அடியில் கிடந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் ஒரு கல்யாணம். மண்டபக்காரரிடம் பேசியாகிவிட்டது, இலைக்கு ஒரு கூடை, காகிதத்துக்கு ஒரு சாக்கு என்று ஒத்துக்கொண்டார். ஐந்து பந்தி வருமாம். சாக்கு அப்பா தருகிறேன் என்றிருக்கிறார், ஆறு சாக்கு, துண்டு அடைக்க வைத்திருந்தது.